சாப்பாட்டைப் படமெடுக்க மீடியம் ஃபார்மட்: கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு இட்லி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. இதைவிட எளிமையான சாப்பாடு கிடையாது. படமெடுக்க இதைவிடத் தொல்லை பிடித்ததும் கிடையாது. வெள்ளைமேல் வெள்ளை, அதன்மேல் இன்னொரு வெள்ளை. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் இட்லியின் மேலிருக்கும் பொடிப்பொடித் துளைகள் மறைந்து இரண்டு சோப்புக் கட்டிகள் மிஞ்சும். குறைத்தாலோ நேற்று சுட்ட இட்லி. சாதாரண கேமராவைவிடப் பெரிய சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) வைத்த மீடியம் ஃபார்மட் கேமரா எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இட்லிப் படத்தைத்தான். கூடவே, அந்தப் படத்தின் முக்கால்வாசிப் பெருமை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி வைத்த தெர்மாகோல் அட்டைக்குச் சேரவேண்டியது என்றும் சொல்லிவிடுவேன்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கொஞ்ச நாள் மெனு கார்டும் ஹோட்டல் படங்களும் எடுத்துவிட்டு, அடுத்தது என்ன என்று விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: படம் எங்கே போகிறது என்பதில் தொடங்கி லென்ஸ், லைட், மேசை என்று வரிசையாக முடிவு செய்துகொண்டு வாருங்கள். கேமரா கடைசியில் தானாகவே முடிவாகிவிடும். தலைகீழாகச் செய்தால் பணம் முழுக்க பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்குப் போய், லென்ஸுக்குக் கடன் வாங்க வேண்டிவரும்.

படம் எங்கே போகிறது?

ஸ்விக்கி, சொமேட்டோ பட்டியலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மட்டும்தான் என்றால் இத்துடன் நிறுத்திக்கொண்டு ஒரு நல்ல லைட் வாங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அச்சுக்குப் போகிறது என்றால் ஒரு சின்னக் கணக்கு. ஏ3 அளவுத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 4961க்கு 3508 பிக்சல் வேண்டும். அதாவது ஏறக்குறைய 17 மெகாபிக்சல். கையிலிருக்கும் 24 மெகாபிக்சல் கேமராவே அதைத் தாண்டிவிடும். சரி, ஹோர்டிங்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 20 அடி அகல ஃபிளெக்ஸை யாரும் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க அங்குலத்துக்கு 25 புள்ளி இருந்தாலே ஒப்பேறிவிடும். அதற்கு 6000 பிக்சல் அகலம் போதும். அதுவும் 24 மெகாபிக்சல்தான். "பெரிய பேனர் அடிக்கப் பெரிய கேமரா" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வாருங்கள்.

பின்னே பிக்சல் எதற்கு? வெட்டுவதற்கு. கிளையன்ட் ஒரே பிரியாணிப் படத்தை வலைத்தளத்துக்குக் குறுக்காகக் கேட்பார், ஸ்டோரிக்கு நெடுக்காகக் கேட்பார், பிறகு "அந்த முட்டையும் கறித்துண்டும் மட்டும் தனியாகக் கொடுங்களேன்" என்பார். 24 மெகாபிக்சல் குறுக்குப் படத்திலிருந்து 9:16 நெடுக்குத் துண்டு வெட்டினால் 2250க்கு 4000 பிக்சல் மிஞ்சும். 51 மெகாபிக்சலில் அதே துண்டு சுமார் 3480க்கு 6190. வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி வெட்ட வேண்டியிருக்கிறதா என்று உங்கள் பழைய வேலைகளைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் மேலே படியுங்கள்.

பெயர் ஒன்று, அளவு இரண்டு

ஃபிலிம் காலத்தில் மீடியம் ஃபார்மட் என்றால் 120 ரோல். இன்று டிஜிட்டலில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை 43.8க்கு 32.9 மி.மீ. சென்சார் கொண்டவை. ஃபியூஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ் வரிசை, ஹாசல்பிளாடின் எக்ஸ் வரிசை, பென்டாக்ஸ் 645இசட் எல்லாம் இந்த வகை. ஃபுல் ஃப்ரேமின் 36க்கு 24 மி.மீ. சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பளவு 1.67 மடங்கு. அதற்கு மேலே ஃபேஸ் ஒன்னின் 53.4க்கு 40 மி.மீ. சென்சார், 150 மெகாபிக்சல். அது வேறு உலகம். அந்த விலைக்கு ஊர்ப்பக்கம் மனை பார்க்கலாம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

1.67 மடங்கு என்பதை ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சொன்னால் முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு. ஃபுல் ஃப்ரேமிலிருந்து மாறும்போது சென்சார் அளவால் மட்டும் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். விளம்பரங்களைப் படித்தால் ஏதோ பத்து ஸ்டாப் வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் அந்த முக்கால் ஸ்டாப் எங்கே கைகொடுக்கும் என்றால், தயிர்சாதத்தின் வெள்ளையிலும் கறுப்பு மண்சட்டியின் உட்பக்கத்திலும். ஒரே படத்தில் இரண்டும் இருக்கும்போது மினுங்கும் இடத்தைக் காப்பாற்றக் குறைவாக எக்ஸ்போஸ் செய்துவிட்டு, பிறகு நிழலைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக வராது.

இன்னொரு லாபத்தை யாரும் விளம்பரம் செய்வதில்லை: 4:3 சட்டம். வட்டத் தட்டு 3:2 சட்டத்தில் எப்போதும் இரண்டு பக்கமும் வெறுமையாக நிற்கும். அங்கே ஒரு காய்ந்த மிளகாய், இங்கே ஒரு கரண்டி என்று அடைக்க வேண்டும். 4:3இல் தட்டு தானாகப் பொருந்தி உட்காரும்.

ஒன்றரை சென்டிமீட்டர்

புதிதாக வருபவர்கள் முதல் நாளில் மிரள்வது இங்கேதான். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8இல் கிடைத்த ஆழம் (தெளிவாகத் தெரியும் பகுதி), அதே சட்டத்துக்கு இதில் கிடைக்க எஃப் 10 வைக்க வேண்டும். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும், ஆழம் கூடும். கையில் 120 மி.மீ. மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்), சட்டத்தின் அகலம் ஒரு சின்னத் தட்டு அளவு, அதாவது 22 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 8இல் தெளிவாக இருக்கும் பகுதி ஒன்றரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இட்லியின் முன்விளிம்பு பளிச்சென்று இருக்கும், பின்விளிம்பு கரைந்துபோகும். சட்னிக் கிண்ணத்தைக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எஃப் 22 வைத்துவிடலாமே? முடியாது. 100 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், 50 மெகாபிக்சலில் 5.3 மைக்ரான். துளையை மிகவும் சுருக்கினால் ஒளி சிதறி, காசு கொடுத்து வாங்கிய பிக்சலெல்லாம் மங்கிப்போகும். நான் எஃப் 8க்கும் 11க்கும் நடுவிலேயே இருப்பேன். அவசரத்துக்கு 16. அதற்கு மேல் போனதில்லை.

ஆழம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று ஃபோகஸ் ஸ்டாக்கிங்: கேமராவே ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுக்கும், பிறகு ஃபோட்டோஷாப்பிலோ ஹெலிகான் ஃபோகஸிலோ ஒன்றாகச் சேர்க்கலாம். ஜிஎஃப்எக்ஸிலும் ஹாசல்பிளாடின் எக்ஸ்2டியிலும் இந்த வசதி இருக்கிறது. முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு மாதிரி ஆடாமல் அசையாமல் இருப்பவற்றுக்கு அருமையான வழி. பொங்கல்மேல் வழியும் நெய், காபியின் நுரை, ஆவி இவற்றுக்கு உதவாது. பன்னிரண்டு படத்திலும் நெய் பன்னிரண்டு இடத்தில் இருக்கும்.

இரண்டாவது வழி டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாய்ந்து, மேசையோடு படுத்துக்கொள்ளும். ஒரே கிளிக்கில் நீளமான பேப்பர் ரோஸ்ட் நுனியிலிருந்து நுனி வரை தெளிவாக வரும். ஃபியூஜி 2023இல் 110 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் மேக்ரோ ஒன்றை வெளியிட்டது. விலை கையைச் சுடும். செலவைக் குறைக்க, பழைய கேனான் 90 மி.மீ. டிஎஸ்-ஈ லென்ஸை மின்னணு அடாப்டர் வைத்து ஜிஎஃப்எக்ஸில் மாட்டலாம். இந்த வகை லென்ஸ்களின் பட வட்டம் பெரியது என்பதால் மூலைகள் கறுக்காது. மிகவும் தள்ளினால் மட்டும் கொஞ்சம் தெரியும்.

லென்ஸ் இரண்டு போதும்

ஒன்று 120 மேக்ரோ. ஃபியூஜியிலும் உண்டு, ஹாசல்பிளாடிலும் உண்டு. இரண்டுமே பாதி அளவு வரை நெருங்கும். பாதி அளவு என்றால் சட்டத்தின் அகலம் 88 மி.மீ., கிட்டத்தட்ட ஒரே ஒரு இட்லி. சாப்பாட்டுக்கு இதற்கு மேல் நெருங்க வேண்டிய அவசியம் அபூர்வம். கசகசா மணியைத் தனித்தனியாகக் காட்ட வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் டியூப் இருக்கிறது.

இன்னொன்று 63 அல்லது அதை ஒட்டிய லென்ஸ், மேலிருந்து எடுக்க. ஏன் 120ஐ வைத்தே மேலிருந்தும் எடுக்கக் கூடாது? வாழை இலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலையும் தண்ணீர் டம்ளரும் சேர்த்து 70 செ.மீ. அகலம் சட்டத்துக்குள் வரவேண்டும். 63 லென்ஸ் என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தூக்கினால் போதும். 120 என்றால் இரண்டு மீட்டர். மேசை உயரம் முக்கால் மீட்டரைச் சேர்த்தால் கேமரா சீலிங்கில் இடிக்கும், நீங்கள் ஏணிமேல் நிற்பீர்கள். இலையைத் தரையில் போடலாம்தான், பந்தி மாதிரி. ஆனால் அப்புறம் ஒவ்வொரு முறையும் குனிந்து அப்பளத்தைத் திருத்தி வைப்பது யார்?

ஒரு போலரைசர் ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள். கழுவிய வாழை இலை கண்ணாடி மாதிரி மினுங்கும். ஃபில்டரைத் திருப்பினால் மினுக்கம் இறங்கி அடியிலிருக்கும் பச்சை எழும்பி வரும். முழுவதும் திருப்பிவிடாதீர்கள், பிளாஸ்டிக் இலை மாதிரி ஆகிவிடும். எவர்சில்வர் டம்ளருக்கு இந்த வித்தை பலிக்காது. அதில் தெரியும் உங்கள் முகத்தை மறைக்க வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியே லென்ஸை நீட்ட வேண்டியதுதான்.

லைட்டும் ஷட்டரும்

ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்கள் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். ஜிஎஃப்எக்ஸில் ஷட்டர் பாடிக்குள் இருக்கிறது, ஃபிளாஷோடு சேரும் வேகம் 1/125 வினாடி. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, அதற்கான எக்ஸ்சிடி லென்ஸ்களில் 1/2000 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் சேரும், சில புதிய லென்ஸ்களில் 1/4000 வரை கூட.

இதைக் கேட்டதும் ஹாசல்பிளாட் பக்கம் சாயாதீர்கள். அறைக்குள் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/125 வைத்தால் குழல்விளக்கு வெளிச்சம் படத்தில் பதிவதே இல்லை, எல்லாம் கறுப்பு. ஃபிளாஷ் மட்டுமே பதிவாகும். டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே காபி ஆற்றும்போது நீண்டு தொங்கும் அந்தக் கயிற்றை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் எரியும் நேரம்தான். ஆகவே ஃபிளாஷ் வாங்கும்போது பவரை விட, குறைந்த பவரில் எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்று பாருங்கள். லென்ஸ் ஷட்டர் நிஜமாகவே உதவுவது வெயில் வரும் ஜன்னல் பின்னணியில் இருக்கும்போது, அல்லது தோப்பில் கயிற்றுக்கட்டில் போட்டு இளநீர் படமெடுக்கும்போது. அப்படிப்பட்ட வேலை உங்களுக்கு எத்தனை வருகிறது?

எல்இடி லைட் வைத்து எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தாதீர்கள். பெரிய சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க நேரமாகும். மலிவான எல்இடி அதற்குள் பலமுறை மினுக்கி, படத்தில் கோடுகோடாக விழும். ஊற்றும் சாம்பாரும் வளைந்து தெரியும்.

வயரும் லேப்டாப்பும்

ஆரம்பத்தில் லேப்டாப்பைத் தூக்கச் சோம்பல்பட்டு, கேமராத் திரையை மட்டும் நம்பிப் பால் பாயசம் ஒன்றை எடுத்தேன். திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் இருந்தது. மூன்றங்குலத் திரையில் எதுதான் கூர்மையாக இருக்காது? ராத்திரி வீட்டில் திறந்து பார்த்தால் ஃபோகஸ் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது. முந்திரி மங்கல், குங்குமப்பூ மங்கல். மறுநாள் காலை சமையற்காரரிடம் போய் "அண்ணே, இன்னொரு தடவை பாயசம்..." என்று நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலை அடுப்பில் ஏற்றினார். ஒன்றரை மணி நேரம் இருவரும் பேசவில்லை.

அன்றிலிருந்து கேமராவை லேப்டாப்போடு இணைக்கும் வயர் இல்லாமல் நான் வேலை தொடங்குவதில்லை. ஜிஎஃப்எக்ஸ் கேமராக்கள் கேப்சர் ஒன் மென்பொருளோடு நன்றாகப் பேசும். ஹாசல்பிளாடுக்கு அதன் சொந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, நிறமும் அதில் பிரமாதம். நீங்கள் பழகிய மென்பொருள், நீங்கள் பார்க்கும் குறிப்பிட்ட மாடலை வயர் வழியே ஏற்கிறதா என்று வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் நீளமான யுஎஸ்பி-சி வயர் வாங்குங்கள். கறுப்பு வயர் யார் காலிலாவது மாட்டும்.

வேலை செய்யும் ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. முதலில் ஒரு மாதிரித் தட்டை வைத்து லைட், கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். நிஜத் தோசை அடுப்பிலிருந்து வந்த பிறகு உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான், அதன் பிறகு அது தொய்ந்துவிடும். மீடியம் ஃபார்மட் மெதுவான கேமரா என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் தோசை வந்த பிறகு லைட்டை நகர்த்துபவர்கள்.

எடையையும் கணக்கில் வையுங்கள். 900 கிராம் பாடியோடு 980 கிராம் 120 மேக்ரோ. கிட்டத்தட்ட இரண்டு கிலோ, குறுக்குக் கம்பியின் நுனியில், சாம்பார் வாளிக்கு நேர் மேலே. மறுமுனையில் மணல் மூட்டை கட்டாமல் அதைத் தொங்க விடாதீர்கள். கேமராவுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் போடுங்கள்.

சரி, எந்த கேமரா?

முதன்முதலாக வாங்குபவருக்கு என் சிபாரிசு, செகண்ட் ஹேண்டில் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் இரண்டாம் பதிப்பு. 2021இல் வந்தது, 51 மெகாபிக்சல், பாடிக்குள்ளேயே கை நடுக்கம் தாங்கும் வசதி உண்டு. ஆட்டோ ஃபோகஸ் நிதானமாகத்தான் பிடிக்கும். இட்லி எங்கும் ஓடிவிடாது. அதைவிட மலிவாக 2018இன் 50ஆர் கிடைக்கலாம். நடுக்கம் தாங்கும் வசதி அதில் இல்லை, ட்ரைபாடில் வேலை செய்பவருக்கு அது தேவையும் இல்லை.

மாதத்துக்குப் பல விளம்பர வேலைகள் வருகிறவர் என்றால் 100எஸ், அல்லது 2024இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு. அது வெளிவந்தபோது அமெரிக்காவில் 4,999 டாலர். 2022இன் ஹாசல்பிளாட் எக்ஸ்2டி 8,199 டாலருக்கு வந்தது. அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, அந்த அழகு வேறு விஷயம். பென்டாக்ஸ் 645இசட் 2014இல் வந்த, டிஎஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. சல்லிசாகக் கிடைத்தாலும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

வீடியோ வேலையும் சேர்த்துக் கேட்கிறார்களா? இப்போது கேட்காத ஹோட்டல் ஏது! 50எஸ் இரண்டாம் பதிப்பில் வீடியோ 1080தான். எக்ஸ்2டியில் வீடியோவே கிடையாது. 2023இன் ஜிஎஃப்எக்ஸ் 100 இரண்டாம் பதிப்பு 8கே வரை எடுக்கும், அதற்கேற்ற விலையும் கேட்கும். ரீல்ஸ் எடுக்கப் பழைய ஃபுல் ஃப்ரேமை விற்காமல் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சர்வ சாதாரணம். இருட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால், எத்தனை ஆயிரம் குறைத்தாலும் வேண்டாம். பாடிக்கு, வெள்ளைச் சுவரை எஃப் 16இல் ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள், தூசியும் கீறலும் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு டிரை கேபினெட், முடியாவிட்டால் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். சமையலறையில் வேலை முடிந்ததும் முன்கண்ணாடியைத் துடையுங்கள், தாளிப்பு எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். பெரிய நகரங்களில் கிடைக்கிறது. அந்த ஒரு நாளில் சகட்டுமேனிக்கு எல்லாவற்றையும் எடுக்காமல் மூன்றே படம் எடுங்கள்: வெள்ளைத் தட்டில் இட்லி, மேலிருந்து இலைச் சாப்பாடு, கருப்புப் பின்னணியில் ஆவி பறக்கும் ஒரு குவளை. அதே லைட்டில், அதே நிமிடத்தில் உங்கள் பழைய கேமராவிலும் எடுங்கள். ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது எதுவென்று பெயர் பார்க்காமல் வீட்டில் யாராவது ஒருவர் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.

கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் கோப்புகளை லேப்டாப்பில் திறந்து திருத்தியும் பாருங்கள். 100 மெகாபிக்சல் கேமராவில் 16 பிட், அமுக்காத ரா கோப்பு (கேமரா பதிந்த அசல் தரவு) ஒன்றே 200 எம்பியைத் தாண்டும். ஒரு நாளைக்கு 300 படம் என்றால் 60 ஜிபி, அதற்கு நகல் இன்னொரு 60. மூன்றாவது கோப்பைத் திறக்கும்போதே லேப்டாப் விசிறி கத்த ஆரம்பித்தால், கேமராவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.